வாத்தியார் கழிவு

ராஜபாளையம் பருத்திப் பேட்டையில் வண்டியை நிறுத்தி மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தபோது எனக்குச் செய்தி வந்தது. கோதண்டம் வாத்தியாரைப் பார்க்கத்தான் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்துகொண்டிருந்தேன். காய்ச்சல் இறங்கவில்லை என்று முந்தின நாள் ஆள் அனுப்பியிருந்தார்கள். வைகாசி மாதம். பேட்டை முழுக்கப் பருத்தி வண்டிகள். தராசின் பக்கத்தில் நின்ற நிறுவைக்காரர் ஒவ்வொரு பொதிக்கும் எடையைப் பாட்டுப்போல நீட்டிச் சொல்லி, முடிவில் "வாத்தியார் கழிவு போக" என்று கூட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது வாத்தியார் தெருக்காரர் ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"ராவுத்தரய்யா, அவசரப்பட்டு வண்டிய வெரட்ட வேண்டாம். வாத்தியாரய்யா வெடிய முன்னாடியே போயிட்டாவ."

நிறுவைக்காரர் காதிலும் அது விழுந்துவிட்டது. தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார். பருத்தி விளைவித்துக் கொண்டுவந்து வரிசையில் நின்ற சம்சாரிகளும் துண்டை அவிழ்த்தார்கள். செத்த நேரம் கழித்துக் பருத்தி வாங்கும் கம்பெனியின் குமாஸ்தா தொண்டையைச் செருமினார். அடுத்த பொதி தராசில் ஏறியது. நிறுவைக்காரர் என்னை ஒருதரம் பார்த்தார், குரலைத் தாழ்த்திக்கொண்டார், எடையைச் சொன்னார். பிறகு வேறு வழியில்லாமல், "வாத்தியார் கழிவு போக" என்றார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். அந்தக் கழிவுக்கு எங்கள் பக்கத்துப் பேட்டைகளில் வேறு பெயர் கிடையாது.

கோதண்டத்தை அறிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். உங்களில் பலர் அவரிடம் கணக்குப் படித்தவர்கள். சாத்தூரிலும் விருதுபட்டியிலும் தூத்துக்குடியிலும் கடைகளிலும் கிட்டங்கிகளிலும் உட்கார்ந்து அவர் சொல்லிக்கொடுத்த முறையில்தான் இன்றும் வரவும் பற்றும் எழுதுகிறீர்கள். அவருடைய பெயர் ஒரு கழிவுக்கு எப்படி வந்தது என்பது உங்களில் சிலருக்குத் தெரியாமல் இருக்கலாம். சிலர் தப்பாகத் தெரிந்துவைத்திருக்கிறீர்கள். அவர் கம்பெனிக்கு ஆதரவாக அட்டவணை போட்டுக் கொடுத்தார் என்று என் முன்னாலேயே ஒருவர் பேசினார். அன்று நான் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது.

ஸ்ரீவில்லிபுத்தூர் பேட்டைக்கு அடுத்த வாசல்தான் எங்கள் வர்த்தகப் பாடசாலை. வியாபாரிகள் சேர்ந்து நடத்துவது. கோதண்டம் இங்கிலீஷ் முறைக் கணக்கு நடத்தினார், நான் வர்த்தகக் கடிதம் நடத்தினேன், சுருக்கெழுத்துக்கு ஒருவர் வருவார், போவார், நிலைத்ததில்லை. கோதண்டத்துக்கு ராஜபாளையம். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். திங்கட்கிழமை வண்டியில் வந்து இறங்கினால் வெள்ளிக்கிழமைதான் ஊருக்குப் போவார். உயரமான ஆள். தலைப்பாகையும் கோட்டும் போட்டு வகுப்பில் நின்றால் பையன்களுக்குப் பயமாக இருக்கும். வாயைத் திறந்தால் பயம் போய்விடும், அவ்வளவு மெல்லிய குரல். நான் நேர்மாறு. நான் வாயைத் திறந்தால் பேட்டையில் மாடு மிரளும் என்று அவர் சொல்வார்.

அவர் பாடம் நடத்தும் விதம் உங்களுக்கு நினைவிருக்கும். பலகையில் ஒரு பற்றை எழுதிவிட்டுத் திரும்பிப் பார்த்துக் கேட்பார்: "இங்க ஒண்ணு கொறஞ்சிருக்கு. அப்ப எங்க கூடியிருக்கு?" உலகத்தில் எதுவும் சும்மா குறையாது, எங்கோ ஓரிடத்தில் வரவு விழுந்திருக்கும், அதைக் கண்டுபிடிக்கிறவன்தான் கணக்கன் என்பது அவர் கட்சி. என் சட்டைப்பையில் மூக்குப்பொடி டப்பி காணாமல் போனால்கூட இதையே கேட்பார். பெரும்பாலும் அது அவர் கோட்டுப் பையில் இருக்கும்.

இப்படிப்பட்டவர் பாடசாலை ஜன்னல் வழியே ஒரு கோடையில் பேட்டையைப் பார்த்ததுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். அந்தக் காலத்தில் பருத்தியில் ஈரம் இருக்கிறதா என்று கம்பெனி ஏஜெண்டு பார்க்கும் விதம் உங்களில் மூத்தவர்களுக்குத் தெரியும். பொதியிலிருந்து ஒரு கை பருத்தியை உருவிக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார். குளிர்ந்தால் ஈரம். ஈரம் என்றால் கழிவு, அதாவது எடையில் ஒரு பங்கைத் தள்ளிவிட்டுத்தான் பணம். எவ்வளவு கழிவு என்பது அன்றைக்கு அவர் கன்னம் சொல்வதுதான். அன்று மம்சாபுரத்துச் சீனியம்மாளின் பொதி தராசில் இருந்தது. புருஷன் இல்லாதவள், தன் கையால் விதைத்துத் தன் கையால் எடுத்த பருத்தி. ஏஜெண்டு கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "தண்ணி தெளிச்சுக் கொண்டாந்திருக்கா" என்று எல்லாரும் கேட்கச் சொன்னார்.

"மம்சாபுரத்துல குடிக்கத் தண்ணி இல்லாம ஊத்துத் தோண்டுதோம். பருத்திக்குத் தெளிக்கவாய்யா தண்ணி கெடக்கு?" என்று அவள் போட்ட சத்தம் எங்கள் வகுப்புவரை கேட்டது.

கோதண்டம் சாக்கட்டியைக் கீழே வைக்காமலே இறங்கிப் போனார். ஏஜெண்டிடம், எவ்வளவு ஈரம் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று மரியாதையாகக் கேட்டார். பழக்கம்தான் என்றார் ஏஜெண்டு. பருத்தி காற்றில் எவ்வளவு ஈரத்தைத் தானாக இழுக்கும், எவ்வளவு விடும் என்று யாராவது நிறுத்துப் பார்த்திருக்கிறார்களா என்றார் இவர். ஏஜெண்டு சிரித்தார். கழிவு கழிவாகவே நின்றது. கோதண்டம் திரும்பி வந்து வகுப்பை முடித்தார். சாயங்காலம் என்னிடம் சொன்னார்: "ஒருத்தர் கன்னத்த வச்சு ஊர்ப் பருத்திய நிறுக்கலாமா ராவுத்தரே? அந்தப் பொம்பளைக்குக் கொறஞ்சது எங்கயோ கூடியிருக்கும்லா?"

மறுநாள் மம்சாபுரத்துக்கே நடந்து போய்ச் சீனியம்மாளிடம் ஒரு பொதி பருத்தி வாங்கிவந்தார். அதைச் சணல் பையில் கட்டி வகுப்பு உத்தரத்தில் ஒரு தராசோடு மாட்டிவைத்து, வருஷம் முழுவதும் தினமும் நிறுத்து எழுதப்போவதாகச் சொன்னார். சரி, நாளைக்கே தொடங்கும் என்றேன். மாட்டேன் என்றுவிட்டார். எங்கள் ஊரில் எந்தப் புதுக்கணக்கும் சரஸ்வதி பூஜையில்தான் தொடங்கும். அவரும் கணக்கு வாத்தியார். கோடை முழுக்கப் பொதி ஒரு மூலையில் கிடந்தது.

"பருத்திக்கு என்னங்காணும் சரஸ்வதி பூஜை?" என்று கேலி செய்தேன்.

"கணக்குன்னா கணக்குதான். நெனச்ச நாள்ல தொடங்குன கணக்கு உருப்பட்டு நீரு பாத்திருக்கீரா?" என்றார்.

பூஜையன்று புத்தகங்களோடு பருத்திப் பொதிக்கும் சந்தனம் வைத்தார். மறுநாள் முதல் நிறுவை. அன்றுதான் ஐப்பசியும் பிறந்தது, மழை கொட்டியது. கோபுரம் தெரியாமல் கொட்டிய மழை அந்த வருஷம். பொதி நாளுக்கு நாள் கனத்தது. அவருக்கு அதில் அப்படி ஒரு சந்தோஷம். "பாரும், ஒரு சொட்டுத் தண்ணி யாரும் தெளிக்கல. ஜன்னல்கூடச் சாத்தியிருக்கு. காத்துலேர்ந்து தானா குடிக்குது" என்று வருகிறவர் போகிறவரையெல்லாம் இழுத்துக் காட்டினார். தை மாதத்தில் அணில் ஒன்று பொதியைப் பிரித்துக் கூடு கட்டப் பார்த்தது. அணில் எடுத்த பஞ்சைக் கூட்டோடு பொறுக்கி எடையில் சேர்த்துவிட்டுக் கம்பிவலை அடித்தார். அணிலுக்கும் வரவு எழுதினீரா என்று கேட்டேன். அவருக்குக் கோபம் வந்த சில சமயங்களில் அது ஒன்று.

பங்குனி, சித்திரை, வைகாசி. பருத்தி பேட்டைக்கு வரும் மாதங்கள் அவை. பொதி சுருங்கிக்கொண்டே வந்தது. ஈரம் ஏறுவது போகட்டும், வெயிலில் உள்ளதும் போய்விட்டது. அதாவது, சம்சாரி பருத்தியை விற்கும் காலத்தில் அதில் கழிக்க எதுவுமே இல்லை. சொல்லப்போனால் வண்டியில் காய்ந்துவரும் வழியிலேயே அவன் எடையை இழந்துகொண்டு வருகிறான். இதைக் கணக்குப் பார்த்து முடித்த அன்று கோதண்டம் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துகொண்டார். "ராவுத்தரே, இத அச்சுல போட்டா எந்த ஏஜெண்டும் இனிமே கன்னத்தத் தொட மாட்டான்" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அன்று இரண்டு பேரும் அவ்வளவு சந்தோஷமாக இருந்தோம்.

இங்கிலீஷில் எழுதிச் சென்னைப் பத்திரிகை ஒன்றுக்கு அனுப்பினார். விவசாயமும் வர்த்தகமும் எழுதுகிற பத்திரிகை. அச்சில் வந்தது. அடுத்த வருஷம் சென்னையில் ஒரு கண்காட்சியில் அந்தக் கட்டுரைக்கு வெள்ளிப் பதக்கம் கொடுத்தார்கள். எங்கள் பாடசாலையில் ஆண்டு விழாவின்போது ஓர் அறிக்கை வாசிப்பது வழக்கம். அதில் 'நமது ஆசிரியர்களின் அண்மைச் சாதனைகள்' என்று ஒரு பகுதி உண்டு. அதை எழுதுவது என் வேலை. அதற்கு முந்திய வருஷங்களில் அந்தப் பகுதியை நிரப்ப நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். நான் தயாரித்த மாதிரிக் கடிதங்களின் தொகுப்பைச் சாதனை என்று நானே எழுதிக்கொண்டதும் உண்டு. அந்த வருஷம் பக்கம் போதவில்லை. டிப்டி கலெக்டர் எழுந்து நின்று கை தட்டினார். காரியதரிசி பொதியை உத்தரத்திலிருந்து இறக்கி, கண்ணாடி போட்ட பெட்டிக்குள் வைத்து, பதக்கத்தைப் பக்கத்தில் மாட்டி, பாடசாலை வாசலில் நிறுத்திவிட்டார். இன்றும் அது அங்கேதான் இருக்கிறது.

கட்டுரையோடு அச்சான எடை அட்டவணை மாதவாரியாக இருந்தது. சரஸ்வதி பூஜையில் தொடங்கிய கணக்காதலால் அதன் முதல் வரி ஐப்பசி. அதாவது, பொதி அதிகமாகக் கனத்த மாதம். பருத்தி விற்கும் மாதங்கள் அட்டவணையில் கீழே கிடந்தன. ஒரு கணக்கைத் தொடங்கிய இடத்திலிருந்துதானே எழுத வேண்டும்? எங்கள் ஊரில் யார் எழுதியிருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பார்கள். இதைத் தப்பு என்று சொல்லவே எனக்கு நாக்கு எழவில்லை.

அடுத்த பருத்திக் காலம் வந்தது. நாங்கள் இருவரும் ஜன்னலோரம் நின்று ஏஜெண்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் கன்னத்தைத் தொடவில்லை. கோதண்டம் என் கையைப் பிடித்து அழுத்தினார். பொதி தராசில் ஏறியது. நிறுவைக்காரர் எடையைச் சொல்லி, புதிதாக ஒன்றைச் சேர்த்துச் சொன்னார்: "வாத்தியார் கழிவு போக."

கோதண்டம் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "என்னையவா கூப்பிட்டிய?" என்று கேட்டார். கீழே இருந்தவர்கள் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை, மரியாதையான சிரிப்புத்தான். குமாஸ்தா அண்ணாந்து பார்த்து விளக்கம் சொன்னார். வாத்தியாரய்யா அச்சில் போட்ட அட்டவணைப்படி இனிமேல் எல்லாப் பொதிக்கும் ஒரே கழிவு, கம்பெனி உத்தரவு, எல்லாப் பேட்டைக்கும் போயிருக்கிறது. எந்த வரியின்படி என்று கோதண்டம் கேட்டார். முதல் வரி என்று பதில் வந்தது. அது ஏஜெண்டின் கன்னம் வழக்கமாகச் சொன்னதைவிட அதிகம்.

அன்று மாலையே ஏஜெண்டைப் பார்க்கப் போனோம். நாற்காலி போட்டு உட்காரவைத்தார். மனிதருக்கு எங்கள் மேல் கோபமே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"முன்னாடி எங் கன்னத்தத்தான் நம்புனாக. என்னத் திட்டாத சம்சாரி கெடையாது. இப்ப சாஸ்திரத்த நம்புதாக. யாரும் என்னத் திட்டுதது இல்ல. எம் பாவத்தக் கழிச்சுட்டிய வாத்தியாரே" என்றார்.

கோதண்டம் அட்டவணையின் கீழ்வரிகளைக் காட்டினார். ஏஜெண்டு பார்த்தார். மாதத்துக்கு ஒரு கழிவு என்றால் தராசில் தினமும் சண்டை வரும், ஒரே கழிவுதான் நடைமுறைக்கு ஒத்துவரும், எந்த வரி என்பதைத் தூத்துக்குடியில் கம்பெனித் தலைமை ஆபீஸில்தான் தீர்மானிக்கிறார்கள், தன் கையில் எதுவும் இல்லை என்றார். வெளியே வந்ததும் நான் கத்தினேன். கோதண்டம், "அவரக் கத்தி என்ன செய்ய? அவரு கன்னத்தயும் புடுங்கிட்டாங்க" என்றார்.

பத்திரிகைக்கு எழுதினார். அடுத்து வந்த இதழில் கடைசிப் பக்கத்தில், விளம்பரங்களுக்குக் கீழே, ஒரு திருத்தம் போட்டார்கள். அதைப் படித்தவர்கள் நானும் அவரும் மட்டும்தான் என்று நினைக்கிறேன். காரியதரிசியிடம் போய், பாடசாலையின் பேரால் கம்பெனிக்கு எழுத வேண்டும் என்று கேட்டார். காரியதரிசி நல்ல மனிதர். ஆனால் அவரும் கமிட்டியில் பாதிப் பேரும் கம்பெனிக்குப் பருத்தி பிடித்துக் கொடுக்கிறவர்கள். "வாத்தியாரே, நம்ம பாடசாலைக்கு இப்படியொரு பேரு கெடச்சிருக்கு. நாமளே போயி அது தப்புன்னு சொன்னா நல்லாவா இருக்கும்?" என்றார். தப்பு இல்லை, அட்டவணை சரிதான், படிப்பவர்கள்தான் முதல் வரியோடு நிறுத்திவிடுகிறார்கள் என்று கோதண்டம் சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் குரல் அந்த அறையில் எங்குமே போய்ச் சேரவில்லை.

கடைசியில் தூத்துக்குடிக்கே போனோம். சாத்தூர்வரை மாட்டுவண்டி, அங்கிருந்து ரயில். நான் துணைக்கு என்று போனேன். உண்மையில் அவர் குரல் எட்டாத இடத்தில் என் குரலாவது உதவும் என்ற எண்ணம். கம்பெனித் துரை எங்களை வராந்தாவில் காக்கவைக்கவில்லை. வாசலுக்கே வந்து கோதண்டத்தின் கையைப் பிடித்துக் குலுக்கினார். உள்ளே கூட்டிப்போய்ச் சுவரைக் காட்டினார். அந்த அட்டவணை, அச்சடித்த தாள் அப்படியே, கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கிக்கொண்டிருந்தது. இந்த ஜில்லாவில் ஓர் இந்தியர் இவ்வளவு ஒழுங்காக ஒரு வருஷம் நிறுத்து எழுதியிருக்கிறார் என்று தன் ஆட்களிடம் அடிக்கடி சொல்வதாகச் சொன்னார். கோதண்டம் கிட்டே போய்ப் பங்குனி வரியின்மேல் விரலை வைத்தார். "இது. இதுதான் நீங்க வாங்குற மாசம்" என்று இங்கிலீஷில் சொன்னார். சித்திரைமேல் வைத்தார், வைகாசிமேல் வைத்தார். துரை பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். யோசிப்பதாகச் சொன்னார். பிறகு கைக்குட்டையை எடுத்துக் கண்ணாடியில் விரல்பட்ட இடத்தைத் துடைத்தார்.

நான் வாயைத் திறக்கவே இல்லை. என்ன சொல்லிக் கத்துவது? எங்களைத் திட்டியிருந்தால் திட்டியிருப்பேன். விரட்டியிருந்தால் நின்றிருப்பேன். வண்டி வைத்து ஸ்டேஷனுக்கு அனுப்பிவைத்தார்கள். ரயிலில் கோதண்டம் தன் ஆள்காட்டி விரலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

அதற்குப் பிறகு அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். கழிவைத்தான் எடுக்க முடியவில்லை, பெயரையாவது எடுக்க வேண்டும். பேட்டைக்குப் போய் நிறுவைக்காரரிடம் கெஞ்சினார், கம்பெனிக் கழிவு என்று சொல்லுங்கள், ஈரக்கழிவு என்று சொல்லுங்கள் என்று. நிறுவைக்காரர் அரைநாள் மாற்றிச் சொல்லிப் பார்த்தார். எந்தக் கழிவு, புதுக்கழிவா என்று சம்சாரிகள் சண்டைக்கு வந்துவிட்டார்கள். பழைய கழிவுதான் என்று புரியவைக்கப் பழைய பெயரையே சொல்ல வேண்டியதாயிற்று. அன்று சீனியம்மாளும் வந்திருந்தாள். இவர் அவளுக்கு முன்னால் போய் நின்று, தான் அட்டவணை போட்டது கழிவை எடுக்கத்தான் என்றும், இந்தக் கழிவு தன்னுடையது அல்ல என்றும் சொன்னார். கை கூப்பினார் என்றுகூடச் சொல்ல வேண்டும்.

"எனக்குத் தெரியும்யா. எம் பருத்தியத்தான தூக்கிக் கட்டி வச்சு நிறுத்தீக. நீங்க கெடுதல் நெனைக்க மாட்டிய" என்றாள் அவள். பிறகு நிஜமாகவே தெரிந்துகொள்ளும் ஆசையோடு கேட்டாள். "ஆனா பேர மாத்துனா எடை கூடுமாய்யா?"

அவர் இல்லை என்று தலையாட்டினார்.

"அப்ப எதுக்கு வீணா அலையுதிய? வெயிலு என்னா அடி அடிக்கி. போயி நெழல்ல இருங்க."

வருஷா வருஷம் ஆண்டு அறிக்கை எழுதும்போது என்னிடம் வருவார். "ராவுத்தரே, அந்தப் பதக்கத்த மட்டும் விட்டுரும்" என்பார். நானும் விட்டுவிட்டு எழுதுவேன். காரியதரிசி அச்சுக்குப் போகும்முன் சேர்த்துவிடுவார், அவர் அட்டவணை இன்றளவும் வர்த்தக உலகில் பயன்பட்டுவருகிறது என்ற வாக்கியத்தோடு. அந்த வாக்கியத்தில் ஒரு சொல்லைக்கூடப் பொய் என்று சொல்ல முடியாது. மேடையில் அது வாசிக்கப்படும்போது கோதண்டம் எழுந்து வணக்கம் சொல்ல வேண்டும். எழுவார். சொல்வார். பருத்திக் காலம் வந்தால் வகுப்பு ஜன்னல்களைச் சாத்திவிட்டுப் புழுக்கத்தில் பாடம் நடத்துவார். பையன்கள் வியர்வையில் நனைந்து உட்கார்ந்திருப்பார்கள், ஏன் என்று கேட்க மாட்டார்கள். ஆனால் பலகையில் பற்று எழுதினால், எங்க கூடியிருக்கு என்று கேட்பதை மட்டும் அவர் நிறுத்தவில்லை. முன்னெல்லாம் பதில் வரும்வரை காத்திருப்பார். பிற்காலத்தில் கேட்டுவிட்டுத் தானே வரவையும் எழுதிவிடுவார்.

இறப்பதற்கு முந்திய வாரம் ராஜபாளையத்துக்குப் போய் அவரைப் பார்த்தேன். கட்டிலில் கிடந்தார். தலைமாட்டில் அவர் மனைவி விசிறிக்கொண்டிருந்தார். முகத்தில் எலும்புதான் மிச்சம். நான் வந்தது தெரிந்து கண்ணைத் திறந்தார்.

"வெளிய காத்து எப்படி ராவுத்தரே?"

"அனலா அடிக்கி. ஒரு பொட்டு ஈரம் கெடையாது."

"அப்ப பருத்தி இலேசாத்தான் இருக்கும்" என்றார். தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். பிறகு கண்ணை மூடிக்கொண்டே, "இன்னைக்கும் கழிச்சிருப்பாங்க" என்றார்.

ஏதாவது ஆறுதல் சொல்லியிருக்கலாம். எந்த ஆறுதலைச் சொன்னாலும் அது பொய்யாக இருக்கும், அவருக்கு அது உடனே தெரிந்துவிடும். ஒரு கணக்கனிடம் பொய்க்கணக்குச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

செய்தி கேட்டுப் பேட்டையிலிருந்து நேராக அவர் வீட்டுக்குப் போனேன். தெருவில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். உள்ளே தெலுங்கில் அழுகை. எனக்குப் புரியாத சொற்கள்தான், ஆனாலும் புரிந்தது. காரியதரிசி மாலையோடு வந்தார். ஏஜெண்டும் வந்தார், அவர் கண் கலங்கியிருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். வெயில் உச்சிக்கு வந்த நேரத்தில் மம்சாபுரத்திலிருந்து சீனியம்மாள் நடந்து வந்து சேர்ந்தாள். வீட்டில் யாரையும் அவளுக்குத் தெரியாது. வாசலோரம் நின்ற என்னிடம்தான் வந்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். வெள்ளைப் பஞ்சு. தூசி தும்பு இல்லாமல், கையாலேயே கொட்டை நீக்கிய பஞ்சு.

"குளிப்பாட்டி எடுக்கும்போது மூக்குலயும் காதுலயும் வைக்கணும்லா. கடப் பஞ்சு எதுக்குன்னு வழி நெடுகக் கொட்ட எடுத்துக்கிட்டே வந்தேன்" என்றாள். என் உள்ளங்கையில் வைத்தாள். வைத்துவிட்டு, வீட்டுக்குள் இருப்பவர்கள் காதில் விழாதபடி மெதுவாகக் கேட்டாள். "இதுக்குக் கழிவு கெடையாதுல்லய்யா?"

கிடையாது தாயி என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

உள்ளே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர்கள் வேண்டிய அளவு கிள்ளி எடுத்துக்கொண்டார்கள். கொஞ்சம்தான் வேண்டியிருந்தது. மிச்சத்தைத் திருப்பிக் கொடுக்க வெளியே வந்து பார்த்தபோது அவள் போய்விட்டிருந்தாள்.

இந்த வருஷ அறிக்கைக்கு அவரைப் பற்றி விரிவாக எழுதச் சொல்லியிருக்கிறார்கள். பதக்கத்தைக் குறிப்பிட வேண்டுமாம். நான் குறிப்பிடாவிட்டாலும் அவர்கள் சேர்த்துக்கொள்வார்கள். பேட்டையில் அந்தப் பெயரையும் யாராலும் இனி எடுக்க முடியாது. அவரை ஒருநாளும் பார்த்திராத நிறுவைக்காரர்களும் அதைச் சொல்வார்கள். யார் அந்த வாத்தியார், சம்சாரி வயிற்றில் அடித்தவரா என்று ஒருநாள் ஒரு பையன் கேட்பான். பதில் சொல்ல நான் இருக்க மாட்டேன்.

கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பொதி பாடசாலைக்கு. பதக்கமும் பாடசாலைக்குத்தான். என்னிடம் இருப்பது சீனியம்மாள் தந்ததில் மிஞ்சிய அந்தப் பஞ்சு. என் மேஜை டிராயரில், மூக்குப்பொடி டப்பிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். அதை நான் நிறுத்துப் பார்க்கவில்லை.